சாய்மாவின் கறுப்புக் கண்ணாடி

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பார்க்கிற ஆள் மணப்பெண். எல்லோரையும் பார்க்கிற ஆள் வீடியோக்காரி. மீர்சாகிப்பேட்டையில் எங்கள் காம்பவுண்டில் கீழ்ப் போர்ஷனில் இருக்கும் சாய்மாவுக்கு அந்த இரண்டாவது வேலை. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் வீடியோக்காரனை விட மாட்டார்கள். ராயப்பேட்டை, ஐஸ் ஹவுஸ் பக்கத்து ஷாதி மஹால்களில் திரைக்கு அந்தப் பக்கம் கேமரா தூக்குகிற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் இவளுக்கு ஒரு தனிப் பெயர் உண்டு.

அது படத்தை அழிப்பதில் வந்த பெயர். வீடியோவை வெட்டி ஒட்டி முடித்து, பென் டிரைவில் போட்டுப் பெண்ணின் அம்மா கையில் கொடுப்பாள். பிறகு அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பாள். வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கேமரா கார்டில் இருப்பதையும் லேப்டாப்பில் இருப்பதையும் ஒவ்வொன்றாக அழித்து, காலியான திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். அது முடிகிற வரை அந்த வீட்டில் டீ கூடக் குடிக்க மாட்டாள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே, கேமரா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமிகள்கூட இவளை நம்பி முக்காட்டைத் தளர்த்துவார்கள்.

இன்னொன்று, முகம். கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி விட்டுப்போனாலும் ஆறு மாதம் கழித்து அதற்காக ஒரு சண்டை வரும் என்பது இவள் தொழில் அனுபவம். அதனால் வரிசை வரிசையாக, சாப்பாட்டுப் பந்தி உட்பட, ஒரு முகம் விடாமல் எடுப்பாள். எடுத்த முகம் மறக்காது. காய்கறிக் கடையில் யாரோ ஒரு அம்மாளைப் பார்த்து, நீங்கள் இன்னார் மகள் கல்யாணத்தில் பச்சைத் தாவணிப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தவர் அல்லவா என்பாள். அந்த அம்மாள் வாயைப் பிளப்பாள். தெரிந்த முகத்தைக் கண்டதும் சாய்மாவின் மோவாய் தானாக மேலே போகும், கண் விரியும், சிரிப்பு வந்துவிடும். அவளால் அதை மறைக்க முடியாது.

ஒருமுறை ஒரு மணப்பெண்ணுக்கு நிக்காஹ் அன்றைக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் முதல் பந்தி பரிமாறுகிறவள் வரை யாரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று முழுக்க அவளைப் பார்த்தவள் சாய்மா ஒருத்திதான். இவளுக்கு ஒன்றும் வரவில்லை. பார்த்தால் ஒட்டாது அக்கா, தொட்டால்தான் ஒட்டும், ஜனங்களுக்கு இது தெரியாது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன்.

இதெல்லாம் கேட்டு அவளைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். சரியான தொடைநடுங்கி. சமையலறையில் பல்லி விழுந்தால் மாடிக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிடுவாள். போலீஸ் வண்டி தெருவில் திரும்பினால் கதவைச் சாத்துவாள். புருஷன் ஹபீபுர் ரஹ்மான் நடைபாதையில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கிறார்; நல்ல மனிதர், இவளுக்கு மேல் பயந்தவர். பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யாருக்கும் அடங்கிப் பேசிப் பழக்கமில்லை. அவர்கள் இருவரையும் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

தமிழ்நிலா இந்தக் கதைக்குள் வந்தது பிரியாணித் தட்டோடு. காலேஜில் படித்துக்கொண்டே கேட்டரிங் ஆட்களோடு சேர்ந்து பெண்கள் பக்கத்தில் பரிமாற வருவாள். படப்பிடிப்பில் சாப்பாட்டை மறந்துவிடும் சாய்மாவுக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பாள். பிறந்தது நந்தனத்துக்குப் பின்னால் அடையாற்றங்கரைக் குடிசையில். ஆற்றை அகலப்படுத்துகிறோம் என்று பாதிக் குடிசைகளை இடித்து, அந்த ஜனங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு அங்கே, வேலை இங்கே, ஓட்டும் இங்கேதான். படிப்பை முடித்த கையோடு தமிழ்நிலா கவுன்சிலர் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனுப் போட்டாள். கட்சி இல்லை, கார் இல்லை, கூட நாலைந்து சிநேகிதர்கள். வீடியோ எடுக்க ஆள் வேண்டும் என்று நேராக சாய்மாவிடம் வந்தாள்.

முதலில் எடுத்ததெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. தமிழ்நிலா தெருவில் நடந்து வருவதை சாய்மா மெதுவோட்டத்தில் எடுத்து, பின்னால் ஷெனாய் சேர்த்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "அக்கா, நான் எலக்‌ஷன்ல நிக்கறேன், எனக்கு மாப்ள பாக்கல" என்றாள். பிறகு ஷெனாயை எடுத்தார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் வரிசை, பெரும்பாக்கத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பி வேலைக்கு வரும் பெண்களின் பஸ் பயணம் என்று நல்ல நல்ல வீடியோக்கள் வந்தன. எங்கள் காம்பவுண்டிலேயே எல்லா செல்போனிலும் அவை ஓடின. சாய்மா முதல் தடவையாக, தன் படத்தை ஊரே பார்க்கிறது என்று பூரித்துப் போனாள்.

அந்த வார்டில் முருகன் என்று ஒருவன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் குடிநீர் லாரி அவன் சொன்ன தெருவில்தான் நிற்கும். நடைபாதைக் கடைக்கு இடம், துப்புரவு ஒப்பந்தத்தில் வேலை, மாற்று வீட்டுக்கு டோக்கன் எல்லாம் அவன் கையைத் தாண்டித்தான் போகும். அந்த டோக்கனுக்கு அவன் கை நீட்டினான், கொடுக்க முடியாதவர்களிடம் தாலியைக் கழற்றி வாங்கினான் என்று ஆற்றங்கரைப் பெண்களுக்குள் பேச்சு. அவன் நிறுத்தியிருக்கும் ஆளை எதிர்த்துத்தான் தமிழ்நிலா நிற்கிறாள். அந்தப் பெண்களைப் பேசவைத்து ஒரு வீடியோ போட வேண்டும் என்று முடிவு செய்தாள். முகம் வராது, கையும் குரலும்தான் வரும், குரலையும் மாற்றிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தாள்.

பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் சுலோச்சனா வீட்டில் கூடினார்கள். சுலோச்சனா அடையாறில் வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவள். கல்யாணமான மகளுக்கு இன்னும் வீடு ஒதுக்கவில்லை, அந்த டோக்கன் முருகனிடம் இருக்கிறது. வந்திருந்த ஒவ்வொருத்திக்கும் இப்படி ஒன்று இருந்தது. ஒருத்தி மகனுக்கு அவன் ஒப்பந்தத்தில் வேலை, ஒருத்திக்கு அவன் விட்ட இடத்தில் இட்லிக் கடை. எல்லோர் குடுமியும் அவன் கையில். அப்படியும் ஒருத்தி ஆரம்பித்ததும் மற்றவர்கள் மடை திறந்த மாதிரி பேசினார்கள். அழுதார்கள், அவனை வைதார்கள், அவன் நடையை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். சாய்மா தன்னை மறந்து எடுத்தாள்.

அங்கேதான் முதல் தப்பு. கையை மட்டும் எடுக்க வேண்டியவள், பழக்க தோஷத்தில், ஒரு முகம் விடாமல் எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து வெட்டும்போதுதான் பார்த்தாள். பரவாயில்லை என்று முகங்களை ஒதுக்கி, கையும் மாற்றிய குரலுமாகச் சேர்த்து வீடியோவைச் சரியாகத்தான் செய்தாள். வளையல் போட்ட கைகள், காய்த்துப்போன கைகள், தாலி இருந்த இடத்தைத் தடவும் கை.

இரண்டாவது தப்பு அந்த வீடியோவின் கடைசியில் இருந்தது. இவளுடைய கல்யாண வீடியோ எல்லாவற்றிலும் முடிவில் ரோஜா இதழ்கள் கொட்டும். தங்க எழுத்தில் ‘சாய்மா வீடியோஸ்’ என்று வரும். கீழே செல்போன் எண். லேப்டாப்பில் அப்படிச் செட் செய்து வைத்திருந்தாள், வீடியோ முடிந்ததும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். இதுவரை போன சின்ன வீடியோக்களை செல்போனிலேயே வெட்டினாள், அதனால் பிரச்சினை வரவில்லை. இது நீளமானது, லேப்டாப்பில் செய்தாள். தமிழ்நிலாவின் சிநேகிதர்கள் அவசரத்தில் கடைசி வரை பார்க்காமல் ஏற்றிவிட்டார்கள். தாலி பிடுங்கிய கதையைச் சொல்லி முடித்த கைகளின்மேல் ரோஜாப் பூ கொட்டி, சாய்மாவின் நம்பரும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. கவனித்து எடுப்பதற்குள் அது எத்தனையோ செல்போன்களுக்குத் தாவிவிட்டது.

முதல் அழைப்பு கல்யாண ஆர்டர் போலத்தான் வந்தது. மரியாதையான குரல். மகளுக்குக் கல்யாணம், பெண்கள் பக்கம் எடுக்க வேண்டும் என்றது. சாய்மா தேதி கேட்டாள். அதைச் சொல்லாமல் அந்தக் குரல், "நீங்கதானே அந்தப் பூ கொட்ற வீடியோ எடுத்தவங்க" என்று கேட்டது. அவள் செல்போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் குரல் கட்டிலில் கிடந்தபடியே ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்ததாம்.

மறுநாள் முருகனே ரஹ்மான் கடைக்கு வந்தான். கூட இரண்டு பேர். தைத்து வைத்திருந்த சீட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து தட்டிப் பார்த்து, நல்ல தையல் என்று பாராட்டினான். இந்தக் கடை எத்தனை வருடமாக இருக்கிறது, மாநகராட்சி ஆட்கள் தொந்தரவு தருகிறார்களா என்று அக்கறையாக விசாரித்தான். பிறகு, முழு வீடியோவும் வேண்டும், யார் யார் பேசினார்கள் என்று தெரிந்துகொண்டால் அவர்கள் குறையைத் தானே தீர்த்துவைக்கலாம் என்றான். போகும்போது ரஹ்மானின் கத்தரிக்கோலை எடுத்து, கிழியாத ஒரு சீட்டு உறையை நிதானமாக நடுவில் வெட்டிவிட்டு, கத்தரியை இருந்த இடத்திலேயே வைத்தான்.

ரஹ்மான் கடையைப் பாதியில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் பேசுவது உருது, நான் தமிழில் சொல்கிறேன். கொடுத்துவிடு, நமக்கு இது வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வைக்க இந்தக் கடைதான் இருக்கிறது என்று அவர் கெஞ்சினார். சாய்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஜன்னல் கதவை மூடினாள், திறந்தாள், மூடினாள். நான் கீழே போனேன். போலீஸுக்குப் போகலாம் என்றேன். அந்த வார்த்தைக்கே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, "கல்யாண வீட்டு மாமிங்க என்ன நம்பி முக்காட்ட எடுக்கறாங்கக்கா. இவங்களும் அப்டித்தான நம்பிப் பேசுனாங்க" என்றாள்.

அழிப்பதானால் அங்கேயே உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் அழித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. தனியாக அழித்தால் அந்தப் பெண்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டாள். பர்தா போட்டுக்கொண்டு, லேப்டாப்பைக் காய்கறிப் பைக்குள் வைத்து, மேலே நாலு கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டு பெரும்பாக்கம் பஸ் ஏறினாள். வழி முழுக்க, பின்னால் ஏறியவன் ஒருவன் தன்னையே பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவன் சோழிங்கநல்லூரில் இறங்கிப் போய்விட்டான். அப்புறமும் அவள் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சுலோச்சனா வீட்டில் மறுபடி எல்லோரும் கூடினார்கள். முகமும் இருக்கிறது என்று சாய்மா சொன்னதும் யாரும் கத்தவில்லை. இட்லிக் கடைக்காரி மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழிக்க வேண்டாம் என்று சொன்னவள் தமிழ்நிலாதான்.

"அக்கா, நம்ம கையில இருக்கற ஒரே ஆதாரம் அது. எலக்‌ஷன் முடிஞ்சதும் கம்ப்ளெய்ன்ட் குடுக்க வேணாமா? அவன் எத்தினி குடும்பத்த அழவிட்டுக்கினு கீறான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபத்து மூன்று வயதில் நியாயம் தன் பக்கம் இருந்தால் போதும் என்று தோன்றும். சாய்மாவுக்கு வாதம் பண்ணத் தெரியாது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அது உன் மூஞ்சி இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள். தமிழ்நிலா சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுலோச்சனா வந்து சாய்மா பக்கத்தில் உட்கார்ந்து, அழி என்று கையால் காட்டினாள்.

ஒவ்வொரு முகமாகத் திறந்து காட்டி அழித்தாள். தன் முகம் வரும்போது ஒவ்வொருத்தியும் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனாள். நடித்துக் காட்டிச் சிரித்த காட்சி வந்தபோது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். கடைசியில் காலித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். தமிழ்நிலா பால்கனியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுலோச்சனா டீ போட்டுக் கொடுத்தாள். சாய்மா குடித்தாள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் முருகன் எங்கள் காம்பவுண்டுக்கே வந்தான். நான் மாடிப்படியில் துணி மடிக்கிற சாக்கில் நின்றிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பயம்தான், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். சாய்மா லேப்டாப்பையும் கார்டையும் கேமராவையும் அவன் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் இல்லை அண்ணே, அழித்துவிட்டேன் என்றாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"உன்னப் பத்தி விசாரிச்சிட்டேன்மா. ஒரு மூஞ்சிய பாத்தா மறக்க மாட்டியாமே. கேமராவுல அழிச்சிட்ட, உன் கண்ணுல கீதுல்ல?"

சாய்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ யாரையும் காட்டிக் குடுக்க வேணாம். பேர் சொல்ல வேணாம். நாளைக்கு பூத்தாண்ட வந்து எம் பக்கத்துல சும்மா நில்லு. பஸ்ஸுல வர்ற பொம்பளைங்கள நீ பாரு. நான் உன் மூஞ்சிய பாத்துக்கினு இருக்கறேன். அவ்ளோதான்."

வராவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்த ரஹ்மானின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவளுடைய மோவாயை நினைத்துத்தான் எனக்குப் பயம். அவளுக்கும் அதே நினைப்பு. கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கல்லாக வைத்துப் பார்த்தாள். நான் உள்ளே வந்ததைக் கண்ணாடியில் பார்த்ததும் மோவாய் மேலே போய்விட்டது. எவ்வளவு பயத்திலும் அது போகிறது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். உன் முகத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படித்தான் பிழைக்கப்போகிறாயோ என்று நானும் சேர்ந்து திட்டினேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

காலையில் மாடிக்கு வந்து, கண்புரை அறுவை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கேட்டாள். பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பெரிய கண்ணாடி. எதற்கு என்றேன். அவள் நிமிர்ந்தாள். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, இமை வீங்கி, தாரைதாரையாக நீர் ஊற்றிக்கொண்டிருந்தது. தலைவலித் தைலத்தை இமையில் தேய்த்திருந்தாள். கிட்டே போனாலே வாசனை வந்தது. அதற்காக அத்தரை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள். அவன் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வாய் என்று ரஹ்மான் கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் அத்தரைப் பூசிக்கொண்டாள். எனக்கு அவளைத் தனியாக விட மனமில்லை. கண் தெரியாதவளைக் கூட்டிப் போகிறவள் போலக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். போலீஸ் போட்ட கோட்டுக்கு வெளியே, டீக்கடை நிழலில், முருகன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இவளுக்கும் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. கழற்றச் சொன்னான். சாய்மா கழற்றினாள். அவன் ஒரு கணம்தான் பார்த்தான்.

"யம்மா, மெட்ராஸ் ஐயா? போடு, போடு" என்று முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டான். ஊரையே மிரட்டுகிறவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். கூட இருந்தவர்கள் அதற்கு முன்பே டீக்கடைக்குள் போய்விட்டார்கள். இப்படியா வந்து நிற்பது என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு திட்டினான். ஆனால் போகச் சொல்லவில்லை. கண்ணாடியோடே நின்று பாரு, தலையாவது ஆடும்தானே என்றான். அங்கிருந்தே அவ்வப்போது இவள் பக்கம் திரும்புவான், உடனே பார்வையை எடுப்பான். நான் அவள் கையை விடவில்லை.

பெரும்பாக்கம் பஸ் வந்து நின்றது. பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். எனக்கு யாரையும் தெரியாது, ஆனால் என் கைக்குள் இருந்த கை இறுகியதும் இவர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. முன்னால் வந்தவள் கருத்த, உயரமான பெண். டீக்கடையைப் பார்த்தாள், முருகனைப் பார்த்தாள், அவன் பக்கத்தில் பர்தாவும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவளைப் பார்த்தாள். அவள் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கண்ணாடிக்குக் கீழே சாய்மாவின் மோவாய் அசைய ஆரம்பித்ததை நான் பார்த்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கிட்டே வராதீங்கம்மா, இவளுக்கு மெட்ராஸ் ஐ என்று உரக்கச் சொன்னேன்.

அந்த உயரமான பெண்ணுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள்தான் சுலோச்சனா என்று எனக்கு அப்புறம் தெரிந்தது.

"ஐயய்ய, மெட்ராஸ் ஐயாம்டி. அந்தப் பக்கம் பாக்காதீங்கடி. எல்லாம் மூஞ்ச மூடிக்கினு வாங்க."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துக் கண்ணுக்குக் கீழே வரை மறைத்து, தலையைத் திருப்பிக்கொண்டு எங்களைக் கடந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். புடவைக்காரி முந்தானையை, நைட்டி போட்டவள் தோளில் கிடந்த துண்டை, சுடிதார் போட்டவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டாள். பேசியவளும் மூடினாள், பேசாதவளும் மூடினாள், விவரமே தெரியாமல் நோய்க்குப் பயந்தவளும் மூடினாள். முருகன் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தான். மூடிய தலைகளின் வரிசை ஒன்று பள்ளிக்கூட வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்துக்குள் தெரியாத ஆண் ஒருவன் நுழைந்துவிட்டால் அந்தப் பக்கம் இப்படித்தான் ஆகும் என்று சாய்மா பிற்பாடு சொன்னாள்.

முருகன் ஒன்றும் முட்டாள் இல்லை. நேராக எங்களிடம் வந்தான். இந்தத் தடவை அவ்வளவு தள்ளி நிற்கவில்லை. தைல வாசனை அவனுக்கு எட்டியதா என்று எனக்குத் தெரியாது. மூக்கை ஒருதரம் உறிஞ்சினான்.

"வூட்டுக்குப் போம்மா. கண்ணு நல்லா ஆவட்டும். நானே போன் பண்றேன்."

தேர்தலில் தமிழ்நிலா தோற்றாள். முருகனுடைய ஆள் ஜெயித்தான். நான் எதிர்பார்த்ததைவிட நிறைய ஓட்டு வாங்கியிருந்தாள், யார் யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் சாய்மாவோடு பேசாமல் இருந்தாள். ஒரு கல்யாணத்தில் பழையபடி ஒரு தட்டுப் பிரியாணியை எடுத்து வந்து கேமரா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாளாம். ரஹ்மானின் கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாய்மா வீடியோ முடிவில் கொட்டிக்கொண்டிருந்த ரோஜா இதழை எடுத்துவிட்டாள்.

தைலத்தின் சிவப்பு மறுநாளே போய்விட்டது. கண்ணாடியை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் இறங்கினால் அது முகத்தில் இருக்கும். தெருவில் எல்லோரும் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். போன வாரம் அடையாறு பஸ் டிப்போ அருகில் அவளோடு நின்றிருந்தேன். சுலோச்சனா எங்களைத் தாண்டிப் போனாள், நின்று பேசவில்லை, சாய்மாவும் கூப்பிடவில்லை. இளைச்சுட்டாங்க என்று மட்டும் என் காதில் சொன்னாள்.

அவன் இன்னும் போன் செய்கிறான். வாரத்துக்கு ஒருதரம், சில வாரம் இரண்டுதரம். கண்ணு எப்படிம்மா கீது என்று கேட்பான், அவ்வளவுதான். இன்னும் சரியாகவில்லை அண்ணே என்பாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் திரையில் அவன் நம்பரைப் பார்ப்பாள். பிறகு அலமாரியிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அப்புறம்தான் பேச ஆரம்பிப்பாள்.